புளியோதரையோடு ஜாலியன்வாலா பாக்

ஜனங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் ஊர்கள் ஒரு தொல்லையும் கொடுப்பதில்லை, ஜனங்கள்தான். சொந்தக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு திருப்பதி போய்த் திரும்பிய யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்திலிருந்து வடநாட்டு டூர் நடத்திவந்தேன். வருகிறவர்கள் சுற்றுவட்டாரக் காலனிகளின் வாத்தியார்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், அவர்கள் குடும்பங்கள்.

பாக்கா, பார்க்கா?

ஒருமுறை டில்லி, ஆக்ராவோடு அமிர்தசரஸையும் சேர்த்தேன். கிளம்புவதற்கு முன் எல்லாரையும் உட்காரவைத்து, பார்க்கப்போகும் இடங்களை வரிசையாகச் சொன்னேன். "ஜாலியன்வாலா பாக்" என்றதும் சமையல்காரர் முனுசாமி, "பாக்கு சரி சார், வெத்தலைக்கு இன்னா பண்றது?" என்றார்.

வெள்ளைக்காரன் கூட்டத்தைச் சுட்டுத் தள்ளிய இடம் என்று நான் வாயெடுப்பதற்குள், குரோம்பேட்டை சரோஜா டீச்சர் முந்திக்கொண்டார். தையல் டீச்சர். எதையும் பாதியில் வெட்டுவதில் கெட்டிக்காரர். "அது பாக்கு இல்லய்யா, பார்க்கு! புளியோதரை கட்டிடுங்க, புல் தரையில உக்காந்து சாப்பிடலாம்!"

தேவசகாயம் சாரின் வழக்கு

மேற்குத் தாம்பரம் தேவசகாயம் சார் ரிட்டயர்டு வாத்தியார். மனைவி ரோசம்மாளோடு வந்திருந்தார். தாஜ்மகால் வாசலில் எல்லாரும் போட்டோ எடுக்க அடித்துக்கொண்டபோது, இவர்கள் இரண்டு பேரும் ஓரமாக நின்றார்கள். அமிர்தசரஸ் எப்போது என்பதைத் தவிர என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ரயிலில் ரோசம்மாள் அம்மா தூங்கிய நேரத்தில் சார் விஷயத்தைச் சொன்னார். ஒரே பையன், பட்டாளத்தில் இருந்தான். அறுபத்தைந்து சண்டையில் பஞ்சாப் எல்லையில் காணாமல் போனான். உடம்பு கிடைக்கவில்லை. நம் ஊர் கல்லறையில் அவன் பெயருக்கு ஒரு கல்லாவது வைக்க வேண்டும் என்பது சாரின் ஆசை. அம்மா சம்மதிக்கவில்லை. "கல்லு வச்சா, அவன் செத்துட்டான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரின்னு சொல்றா தம்பி. நான் என்ன பண்றது?"

முனுசாமியின் கேள்வி

அமிர்தசரஸில் கடைத்தெருவை ஒட்டி ஒரு சந்து. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும். முனுசாமி தலையில் புளியோதரைப் பாத்திரத்தோடு முன்னால் போனார். பின்னால் எங்கள் ஆட்கள் வளையல் விலையைப் பற்றி இரைச்சலாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

சந்து முடிந்ததும் பெரிய மைதானம் திறந்தது. நடுவில் சிவப்புக் கல்லில் சுடர் மாதிரி ஒரு நினைவுத்தூண். சுற்றிலும் வீடுகளின் முதுகுப்புறங்கள். ஒரு சுவரில் குண்டு துளைத்த பள்ளங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைக் கோடு. வெள்ளைக்காரன் பட்டாளத்தை வைத்துக் கூட்டத்தைச் சுட்ட குண்டுகள் என்றேன். பேச்சு தானாக நின்றுவிட்டது. முனுசாமி பாத்திரத்தை இறக்கவில்லை. சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார், நாங்கள் வந்த சந்தைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், வந்த வழிதான் போற வழியா கீது? அத அடச்சிகினு சுட்டா ஜனம் எங்க சார் ஓடும்?"

யாரும் சொல்லாமல்

உள்ளே ஒரு கிணறு உண்டு. குண்டுக்குப் பயந்து ஓடியவர்கள் அதில் குதித்து ஒருவர் மேல் ஒருவராகச் செத்தார்கள். அதை நான் சொல்லி முடித்ததும், சரோஜா டீச்சர் செருப்பைக் கழற்றினார். அங்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது. மற்றவர்களும் கழற்றினார்கள், நானும் கழற்றினேன்.

மணி இரண்டாகிவிட்டது. பழக்கதோஷத்தில், "டீச்சர், சாப்பாட்டைப் பிரிக்கச் சொல்லட்டுமா?" என்றேன். புல் தரை வேறு நன்றாகத்தான் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. "பேசவே வாய் வரல, இங்க உக்காந்து சோறு இறங்குமா சார்? அப்படியே தூக்கிட்டு நடங்க."

தோட்டம்

ரோசம்மாள் கிணற்றடியை விட்டு நகரவில்லை. "இவங்க உடம்பெல்லாம் வீட்டுக்குக் கிடைச்சுதா தம்பி?" என்று கேட்டார். எத்தனையோ பேர் யார் என்றே தெரியாமல் போனார்கள் என்றேன். அப்புறம், "பாக்னா என்ன?" என்றார். தோட்டம் என்று சொன்னேன்.

அவர் முகம் மாறியது. கிறிஸ்தவர்களான அவர்கள் கல்லறையைக் கல்லறைத் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் பேசும்போது வெறும் தோட்டம். அந்த அம்மாவுக்கு நான் பெயரின் அர்த்தத்தைச் சொல்லவில்லை, இது கல்லறை என்றே சொல்லிவிட்டேன். தூணை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். சார் அவர் பக்கத்தில் போய் நின்றார். அம்மா சாரின் கையைப் பிடித்தார். "ஏங்க, நம்ம தோட்டத்துலயும் அவனுக்கு ஒரு கல்லு வச்சிடுவோம். பேரும் பொறந்த தேதியும் போதும். இன்னொரு தேதி எழுத வேணாம்."

காபி ஆறிப்போனதற்கே நஷ்டஈடு கேட்கும் எங்கள் ஜனங்கள் அன்று பகல் முழுக்கப் பட்டினியாக ரயிலேறியும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பதை, இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரும் நம்பப்போவதில்லை.