டீச்சருக்கு ஒரு மடி

கடை திறக்கும் முன் கத்தரி மாமா கொல்லைப்புறத்தில் குப்புறப் படுத்துவிடுவார். கன்னம் மண்ணில். நீட்டிய உள்ளங்கையில் ஊறவைத்த சோளம். எறும்பு காதுக்குள் வழி கேட்டாலும் அசையமாட்டார். சற்றுத் தள்ளி டீச்சர் நின்று யோசிக்கும். டீச்சர் என்பது ஒரு செம்பழுப்புக் கோழி. கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அது பார்க்கிற பார்வைக்கு, வீட்டுப்பாடம் எழுதாதவன் தானாகவே பெஞ்சு மேல் ஏறிவிடுவான்.

மாமா முடிவெட்டுகிறவர். எப்பேர்ப்பட்ட முரடனும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் தலை குனிந்துதான் ஆகவேண்டும். "தலையக் கொஞ்சம் குடுங்க தம்பி, பத்திரமாத் திருப்பித் தர்றேன்" என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை. சிரிக்காதவருக்கு ஒரு பக்கக் கிருதா கொஞ்சம் மேலே ஏறியிருக்கும்.

அப்படிப்பட்டவரிடம் டீச்சர் மட்டும் அடங்கவில்லை. அதன் உள்ளங்காலில் புண். "தினமும் கழுவி மருந்து போடணும், இல்லன்னா கால் போயிடும். ஆனா துரத்தாதீங்க, ஓடினா புண்ணு இன்னும் கிழியும்" என்று மாட்டு டாக்டர் சொல்லியனுப்பினார். மாமா மருந்தோடு பதுங்கிப் பதுங்கிப் போனார். துணிக்கொடி அறுந்தது. முழங்கை சிராய்ந்தது. டீச்சர் நொண்டிக்கொண்டே கூரையேறி, தெருவுக்கே கேட்கும்படி திட்டியது.

ஜன்னலில் அத்தையின் முகம். "ஊர்த் தலையெல்லாம் கையில வச்சிருக்கற மனுஷனுக்கு ஒரு கோழியப் பிடிக்கத் துப்பில்ல!"

"நீ வந்து பிடியேன் பாப்போம்!"

"பின்னாலேயே போய், மேலேருந்து கைய நீட்டினா பருந்துன்னுதானே நெனைக்கும்? முடிவெட்ட வர்றாருன்னா நெனைக்கும்?"

மாமா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். காலமெல்லாம் முதுகுப்பக்கம் நின்று, மேலிருந்து தலையில் கை வைத்தே பழகிய உடம்பு. கோழியிடமும் அப்படியே போயிருக்கிறார்.

அன்று தரையில் விழுந்தவர்தான். முதலில் சோளம் மண்ணில். பிறகு கையருகே. பிறகு கையிலேயே. கொத்து வாங்கிய விரலைச் சப்பிக்கொண்டே, கடைப் பேச்சை அங்கேயும் நடத்துவார்: "வாங்க டீச்சர். சைடுல லேசாக் கொறைச்சுடவா?" பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து, சோளத்தை மடியில் போட்டார். டீச்சர் ஒரு காலை அவர் தொடைமேல் வைத்தது. வீங்கின கால்.

"அமுக்குங்க! இப்பவே அமுக்குங்க!" என்றாள் அத்தை, மருந்துக் குப்பியோடு.

வீக்கம் நேற்றைவிடக் கூடியிருந்தது. மாமாவின் கை ஒரு சாண் தூரத்தில்தான். "வேணாண்டி. இன்னைக்கு அமுக்கினா நாளைக்கு வராது." டீச்சர் சோளத்தைத் தின்றுவிட்டு இறங்கிப் போனது. அத்தை குப்பியை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று கடையில் மாமா யாரையும் சிரிக்கவைக்கவில்லை.

மறுநாள் டீச்சர் வந்தது. இரண்டு காலையும் மடியில் வைத்தது. மாமாவின் கை கீழேயிருந்து, மெதுவாக, அதன் மார்புக்கடியில் போய்த் தங்கியது. இன்னொரு கை கழுத்து இறகை நீவியது. டீச்சர் உடம்பை இளக்கி உட்கார்ந்தது. கண் பாதி மூடிக்கொண்டது. அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைக் கழுவினாள், மருந்து தடவினாள், துணி சுற்றினாள். வேலை முடிந்தது. மாமா கையை எடுத்து இறங்க வழிவிட்டார். டீச்சர் இறங்கவில்லை. கட்டுப்போட்ட காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, அவர் சட்டைப் பொத்தானில் அலகைச் சாய்த்துத் தூங்கிவிட்டது.

அந்நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் சுற்றிக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டார். "என்ன மாமா, கடை பூட்டியிருக்கு? இன்டர்வியூக்குப் போகணும், சீக்கிரம் எந்திரிங்க!"

மாமா அத்தையிடம் கத்தரிக்குச் சைகை காட்டிவிட்டு, தன் முன்னால் இருந்த மண்ணை உள்ளங்கையால் ஓசையில்லாமல் இரண்டு முறை தட்டினார்: உட்கார்.