நார்மன் டக்கெட்டின் சிவப்புப் பொட்டு

எங்கள் ஹோல்ம்சீ ஓவியக் குழுவில் இருபத்துமூன்று பேர். அதில் வரையத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர்களுக்குள் சண்டை, வருவதில்லை. மிச்சப் பேர்தான் ஆகஸ்டு தோறும் தேவாலயக் கூடத்தில் கண்காட்சி வைத்து ஊரின் மீட்புப் படகுக்கு நிதி திரட்டுகிறோம். விற்ற படத்தின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவோம். ஒருவர் படத்தை மற்றவர் வாங்கிக்கொள்வதால் எல்லோருக்கும் ஒரு பொட்டாவது கிடைத்துவிடும், நார்மன் டக்கெட்டைத் தவிர.

நார்மன் முப்பது வருஷம் கறிக்கடை வைத்திருந்தவர். கடையை மூடிய மறுநாளே தூரிகையை எடுத்தார். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷமாக வரைந்ததெல்லாம் மாடுதான். அந்த மாட்டைப் பார்த்தால் புல்வெளி ஞாபகம் வராது. தொடை எது, விலா எது என்றுதான் கண் தேடும். கண்காட்சி முடியும் ஞாயிறு மாலை, விற்காத தன் மாட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வீடு திரும்புவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். ஆனால் நானும் வாங்கியதில்லை.

"ஒரே ஒரு பொட்டு போதும், எடித். நிம்மதியா கண்ண மூடுவேன்," என்பார். டீ ஊற்றுவது என் வேலை என்பதால் எல்லாப் புலம்பலும் என்னிடம்தான் வரும்.

போன வருஷம் எங்கள் தலைவி ஹிலரி பென்ஃபோல்ட் அவருக்குப் புத்தி சொன்னாள். "மாட்ட விடுங்க நார்மன். மனுஷங்கள வரைஞ்சு பாருங்க."

வரைந்தார். ஹிலரியையே வரைந்தார். இரட்டைத் தாடை, அதற்குக் கீழே இன்னொன்று, கூட்டத்தில் யாராவது வாயைத் திறந்தால் அவள் உதட்டைச் சுழிக்கும் சுழிப்பு. கறிக்கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த மாதிரி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார்.

"வெளிச்சம்... ரொம்ப தைரியமா வந்திருக்கு," என்றாள் ஹிலரி.

வேண்டாமென்றால் அது தன் முகம்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் டீ மேசைக்குப் பின்னால், மூலையில் மாட்டச் சொன்னாள். எங்கள் ஊர்க்காரர்கள் படம் பார்க்க வருவதில்லை, டீ குடிக்கவும் கேக் தின்னவும்தான் வருகிறார்கள் என்பதை மறந்துவிட்டாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டியது. சர்க்கரை எத்தனை என்று கேட்டால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹிலரி விறுவிறுவென்று வந்தாள். "இத நானே வாங்கிக்கறேன். இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

"அது முடியாதே ஹிலரி. வித்த படம் ஞாயித்துக்கிழமை நாலு மணி வரைக்கும் சுவத்துலதான் இருக்கணும். நீங்க போட்ட விதிதானே?" என்றேன். அந்த விதி அவள் கையெழுத்தோடு கதவிலேயே தொங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

பொட்டை ஒட்டினேன். நார்மன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் டீ குடிக்க வந்தார்கள்.

நாலு மணி அடித்ததும் ஹிலரி போர்வையோடு வந்தாள். நார்மன் அவளைத் தடுத்து, நகத்தால் பொட்டை மெதுவாக உரித்துத் தன் கோட்டில் ஒட்டிக்கொண்டார்.

"படத்த நீங்க எரிச்சாலும் சரி ஹிலரி. இது என்னோடது."

பிறகு என் பக்கம் திரும்பி, நிதானமாகப் பார்த்தார். "எடித், தலைய கொஞ்சம் இப்படித் திருப்புங்க. அடுத்த வருஷத்துக்கு."

பன்னிரண்டு வருஷமாக ஒரு மாட்டைக்கூட வாங்காத நான், "என்ன விலை போடுவீங்க நார்மன்?" என்று அப்போதே கேட்டுவிட்டேன்.