நான் கத்திய "விடு"

மண்ணச்சநல்லூரில் என் நண்பனின் தாய்மாமா ரைஸ் மில் வைத்திருந்தார். மில்லுக்குப் பின்னால் உமி ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கும். மவுண்டன் பைக்கோடு எகிறி, அந்தரத்தில் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றி இறங்கும் வித்தையை நாங்கள் இருவரும் அங்கேதான் பழகினோம். அவன் பாலக்கரை, நான் ஸ்ரீரங்கம். வேலைக்குப் போகிற வயதில், ஞாயிறு தவறாமல் பலகைச் சரிவில் ஏறி உமியில் விழுந்தோம். வாரம் முழுக்க ஆபீஸில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருப்பேன். உமி அள்ளுகிற அக்காக்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்காத வாரம் இல்லை.

தலைகீழாக இருப்பவனுக்குச் சுற்று முழுதாகுமா என்று தெரியாது. கீழே நிற்பவனுக்குத்தான் தெரியும். ஆகாது என்று தோன்றினால் அவன் "விடு" என்று கத்த வேண்டும். கேட்டதும் மேலே இருப்பவன் சைக்கிளைத் தள்ளிவிட்டு உமியில் முதுகைப் போட வேண்டும். அதுதான் எங்கள் சட்டம். எனக்கு வாய் அதிகம், பொறுமை குறைவு. தேவையே இல்லாதபோதும் கத்திவிடுவேன். உமியில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஒரு வருடம் கழித்துப் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு செம்மண் சரிவைப் பிடித்து, ஏறி எகிற மண்மேடு கட்டினோம். முதலில் அவன் போனான். நான் கீழே நின்று செல்போனில் வீடியோ எடுத்தேன். அவன் தலைகீழானதும் சுற்று முழுதாகாது என்று எனக்குத் தோன்றியது. "விடு" என்று கத்திவிட்டேன். அவன் விட்டான். கீழே உமி இல்லை.

மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வந்த ஒரு வேனில் படுக்கவைத்து அவனைத் திருச்சிக்குக் கொண்டுவந்தேன். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. மூன்று ஆபரேஷன். இன்றும் அவனால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். சுற்று ஏறக்குறைய முடிந்திருந்தது. பிடித்துக்கொண்டிருந்தால் சக்கரம் சரிவில் பதிந்திருக்கும். என் குரல் தெளிவாகக் கேட்டது. அழித்துவிட்டேன்.

பழக்கதோஷத்தில் தானே கையை விட்டுவிட்டதாக அவன் எல்லோரிடமும் சொன்னான். மூட வேண்டிய நேரத்தில் மூடாத வாயை நான் அப்போது மூடிக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டவன் அவன். அவன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், நான் கூட இருந்ததால்தான் தன் பிள்ளை உயிரோடு வந்தான் என்பார், நான் நன்றாக இருப்பேன் என்று வாழ்த்துவார். அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் சாப்பிடவும் செய்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. போன மாதம், தாங்க முடியாமல், அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியதையும் வீடியோவை அழித்ததையும். அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"நீ கத்துனது கேட்டுச்சுடா. நீ பார்த்துதானே சொல்லுவேன்னு விட்டேன்."

அழுகை வந்துவிட்டது. ஒரு வார்த்தையாவது திட்டிவிடு என்று கெஞ்சினேன். அவன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். உள்ளே அவன் அம்மா எனக்காகத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. அப்புறம் நீ இங்க வர முடியாது."