அம்மா வாங்கி வந்த வாள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா ஒரு வாள் வாங்கி வந்தாள். அவள் வாங்கப் போனது செருப்பு வைக்கிற அலமாரி.

அமெரிக்காவில் டல்லாஸை ஒட்டிய பிளானோவில் நாங்கள் இருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இறந்துபோயிருந்தார். அவருடைய மகள் வீட்டுச் சாமான்களை எஸ்டேட் சேலில் விற்றுக்கொண்டிருந்தார். இந்த மாதிரி விற்பனைகளுக்கு நடந்து போய், எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவது அம்மாவின் ஒரே பொழுதுபோக்கு. அன்று கராஜில் கோல்ஃப் மட்டைகளும் குடைகளும் சொருகியிருந்த ஒரு பீப்பாய்க்குள் அது நின்றுகொண்டிருந்தது. பழுப்புத் தோல் உறை, நாடா சுற்றிய கைப்பிடி. முதலில் பார்த்தது நான்தான். அந்தப் பெருமையை இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அம்மா உருவினாள். பாதி வரைக்கும்தான் வந்தது. தன் அப்பா ஜப்பானுடன் நடந்த போரிலிருந்து கொண்டுவந்தது என்று அந்த மகள் சொன்னார். அம்மா கேட்டதாகவே தெரியவில்லை. கராஜ் வாசலில் வெயில் விழுகிற இடத்துக்கு நகர்ந்து, வாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் இரண்டு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. பிறகு பர்ஸைத் திறந்தாள்.

அப்பா எங்களை வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் எஸ்டேட் சேல்ல லேம்ப் வாங்குவாங்க, நாற்காலி வாங்குவாங்க. நீ ஆயுதம் வாங்கிட்டு வந்திருக்க. அதுவும் கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கறப்ப!"

அந்த வருடங்களில் அப்பாவுக்கு எல்லாமே கிரீன் கார்டில்தான் போய் முடியும். வேகமாகக் கார் ஓட்டினால் அது வராது. என் பந்து பக்கத்து வீட்டுப் புல்வெளியில் விழுந்தால் வராது. வாள் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று மூன்று நண்பர்களுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஒருவர் ஒன்றும் ஆகாது என்றார். ஒருவர் வக்கீலைக் கேட்கச் சொன்னார். மூன்றாமவர், எப்போது வந்தால் பார்க்கலாம் என்று கேட்டார்.

"ஏனுங்க, ஒரு வாரம் மட்டும் குடுங்க. யாராவது தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டு வந்தர்றேன். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா நீங்களே கொண்டுபோய்க் குடுத்துருங்க" என்றாள் அம்மா. அப்பா ஒத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வாரத்தைப் போல ஒரு வாரம் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. நூலகத்திலிருந்து அம்மா ஐந்து தடிப் புத்தகங்கள் கொண்டுவந்தாள். நான் பள்ளி விட்டு வந்ததும் இருவரும் எங்கள் கராஜுக்குப் போவோம். எண்ணெய் விட்டு விட்டு வாளை முழுதாக வெளியே எடுத்திருந்தாள். டார்ச் பிடிப்பது என் வேலை. கிட்டத்தட்ட முழு வாளும் துருவேறிக் காப்பிக் கறையாகக் கிடந்தது. நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் துருப் பிடிக்காத இடம் ஒன்று இருந்தது. அங்கே வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட சாய்வில் விழுந்தால், வெட்டும் விளிம்பை ஒட்டி மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு எழும்பும். அந்தக் கோட்டின் ஓரத்தில் பொடிப் பொடியாக ஏதோ மினுங்கும்.

நான் விரலை நீட்டினேன். அம்மா பட்டென்று தட்டிவிட்டாள்.

"தொடாத கண்ணு. கையில இருக்கற உப்பே இதத் தின்னுரும்."

போர்க் காலத்தில் ஆயிரக்கணக்கான வாள்களைத் தொழிற்சாலையில் செய்தார்களாம். காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கிக் குளிரவைத்தார்களாம். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பு, வாளின் முதுகில் களிமண் பூசி, நெருப்பில் சிவக்கவைத்துத் தண்ணீரில் முக்கினார்களாம். "தண்ணில முக்குனாத்தான் இந்த மினுக்கம் வரும். எண்ணெய்ல வராது" என்றாள். புத்தகத்தில் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். "பாத்தாத் தெரியுதே" என்றாள், வானத்தைப் பார்த்து மழை வரும் என்று சொல்கிறவள் மாதிரி.

அடுத்த சனிக்கிழமை டல்லாஸில் ஒரு ஹோட்டலில் வாள் சேகரிப்பவர்களின் கண்காட்சி இருப்பதையும், அங்கே யார் வேண்டுமானாலும் தங்கள் வாளைக் காட்டி மதிப்பீடு கேட்டுக்கொள்ளலாம் என்பதையும் அம்மாவே கண்டுபிடித்தாள். அப்பாவுக்கு அன்று கிரிக்கெட் மேட்ச். அதுவரைக்கும் அம்மா கார் ஓட்டிய அதிகபட்ச தூரம் இந்தியக் கடை வரைக்கும்தான். டோல்வே நெடுஞ்சாலையில் ஏறியதே இல்லை. அன்று ஏறினாள். இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, வலது ஓரத்திலேயே ஓட்டினாள். அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிய வாள் பின்சீட்டில் என் பக்கத்தில் படுத்திருந்தது. அதற்கும் சீட் பெல்ட் போட்டுவிட்டிருந்தேன்.

ஹோட்டல் மண்டபத்துக் கதவைத் திறந்ததும் கிராம்பு வாசனை அடித்தது. பல்வலிக்குத் தடவுகிற எண்ணெயின் அதே வாசனை. துருப் பிடிக்காமலிருக்க வாளுக்கு அதைத்தான் தடவுகிறார்கள் என்று அம்மா காதில் சொன்னாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வாள். வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் நீளமானவை, குட்டையானவை, பிறை போல வளைந்தவை. பெரிய பெரிய ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, மூடியில்லாத பல்புக்கு நேராக அவற்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சல்வாரும் ஸ்னீக்கர்ஸும் போட்டிருந்தது அந்த மண்டபத்திலேயே அம்மா ஒருத்திதான். நான் அவளிடமிருந்து இரண்டடி தள்ளியே நடந்தேன்.

மதிப்பிடும் மேசையில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற கௌபாய் தொப்பிக்காரர் தன் தாத்தாவின் வாளைக் கொடுத்தார். போர்க்காலத் தொழிற்சாலை வாள், நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பி வந்தது. அவர் முகம் விழுந்துபோயிற்று.

எங்கள் முறை. தாடிக்காரர் தோல் உறையைப் பார்த்தார். ஒரு சாண் உருவிப் பார்த்தார். அதையேதான் சொன்னார். போர்க்காலம், தொழிற்சாலை, எண்ணெயில் குளிர்வித்தது. கை அடுத்த ஆளுக்காக நீண்டுவிட்டது.

அம்மா நகரவில்லை. "சார், ஒன் மினிட்" என்றாள். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அவள் அதற்குள் அவருடைய விளக்கையே தன் பக்கம் திருப்பி, வாளை முழுதாக உருவி, அந்த இரண்டு விரல் அகலத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். இது எண்ணெயில் முக்கியது இல்லை, தண்ணீர், இந்தப் பொடிகளைப் பாருங்கள் என்று, கோயம்புத்தூர் மாறாத ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அதைக் கழற்றிவிட்டு ஒரு லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு பித்தளைச் சுத்தியல் ஒன்றை எடுத்தார்.

கைப்பிடியையும் வாளையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு மூங்கில் ஆணி. அது அசைய மறுத்தது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் துள்ளி விழுந்து மேசையில் உருண்டது. அவர் கைப்பிடியை இடதுகையில் செங்குத்தாகப் பிடித்து, தன் மணிக்கட்டைத் தானே வலது முஷ்டியால் குத்தினார். வாள் குதித்தது. எனக்கு நெஞ்சுக்குள்ளும் ஏதோ குதித்தது. இன்னொரு குத்து. கைப்பிடி கழன்று வந்தது.

உள்ளே ஒளிந்திருந்த பகுதி கருப்பட்டி நிறத்தில் இருந்தது. அதில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு ஓட்டைகள். எழுத்து எதுவும் இல்லை. தாடிக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்த தன் நண்பரைப் பெயர் சொல்லிக் கத்தினார்.

ஒரு நிமிடத்தில் எங்களைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கௌபாய் தொப்பிக்காரரும் வந்துவிட்டார். இந்த நிறத் துரு ஏற நூற்றாண்டுகள் ஆகும் என்றார் தாடிக்காரர். நானூறு வருடம், ஐநூறாகவும் இருக்கலாம். இது முன்பு இன்னும் நீளமான வாள். எப்போதோ அடியில் வெட்டிக் குட்டையாக்கியபோது செய்தவனின் பெயரும் போய், இரண்டாவது ஓட்டை வந்தது. போருக்குப் போன யாரோ ஒரு ஜப்பானியர் தன் குடும்பத்து வாளுக்கு ராணுவ உறை மாட்டி எடுத்துப் போயிருக்கிறார். "நான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"ஐ ஆம் எ மெட்டலர்ஜிஸ்ட்" என்றாள் அம்மா. உலோகவியல் நிபுணராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை பேர் முன்னால் அம்மா பொய் சொல்கிறாள். நாங்கள் பள்ளியில் அந்த மாதம்தான் நேர்மை பற்றிப் படித்திருந்தோம்.

"நோ, ஷீ'ஸ் நாட்" என்றேன் சத்தமாக. அம்மா வேலைக்குப் போவதில்லை, வீட்டில்தான் இருக்கிறாள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூரில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியின் சோதனைக் கூடத்தில் அவள் மூன்று வருடம் வேலை பார்த்ததும், வார்ப்புத் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து, எது எந்த வேகத்தில் குளிர்ந்தது என்று சொல்லுவதுதான் அந்த வேலை என்பதும் எனக்குத் தெரியாது. அவளுடைய விசாவில் அப்போது வேலை செய்ய அனுமதி கிடையாது என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்த அம்மா டிபன் பாக்ஸ் கட்டுகிறவள்.

தாடிக்காரர் சிரிக்கவில்லை. மேசைக்கடியிலிருந்து துணி சுற்றிய இன்னொரு வாளை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை. இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றார். கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. அம்மா கைக்குட்டையை விரித்து அதன் மேல் வாளை ஏந்தி, நுனியிலிருந்து அடி வரைக்கும், அடியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தாள். இப்போது மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இது ஒரு தடவ தீயில மாட்டியிருக்கு" என்று முதலில் என்னிடம் தமிழில் சொன்னாள், நான்தான் கேட்டது போல. பிறகு அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். செய்து முடித்து வெகுகாலம் கழித்து இது நெருப்பில் வெந்திருக்கிறது. யாரோ மறுபடி காய்ச்சித் தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள். அடியில் சாய்வாக ஏறுகிற, பனிமூட்டம் மாதிரியான இந்த வெளுப்பு அதனால்தான்.

தாடிக்காரர் மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். ஆணியும் சுத்தியலும் எகிறின. "இரண்டு வாரமாக இவனிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!" என்று நண்பரைக் காட்டிக் கத்தினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். கௌபாய் தொப்பிக்காரர் என்னைத் தூக்கி ஒரு நாற்காலியில் நிற்கவைத்தார், நன்றாகப் பார்க்கட்டும் என்று.

எங்கள் வாளை அங்கேயே வாங்கிக்கொள்ள இரண்டு பேர் முன்வந்தார்கள். அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள். "வித்துரு! யோசிக்காத, வித்துரு!" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. எத்தனை வருடத்து வாள் என்று அம்மா சொன்னாள். "ஐநூறு வருஷமா? அப்ப நான் பாக்காம வித்துராத" என்றார் அப்பா. அன்று சாயங்காலமே அந்த மூன்று நண்பர்களும் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாளைக் கண்டுபிடித்த கதையை அப்பா சொன்னார். அதில் அவரும் எங்களுடன் கராஜில் நின்றுகொண்டிருந்தார்.

வாள் விற்கப்படவில்லை, இன்றும் அம்மாவிடம்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அந்தத் தாடிக்காரரின் குழு கூடும்போது அம்மாவும் போக ஆரம்பித்தாள். நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு அவளுக்கு வேலை செய்ய அனுமதி வந்தது. எஃகைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் சேர்ந்தாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று திரும்பி வரும்போது காரில் நான் அம்மாவிடம், ஏன் அவரிடம் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பொய் இல்ல கண்ணு" என்றாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு டோல்வேயில் ஏறினாள்.

நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பொய் இல்லை என்றால் உண்மை. அப்படியானால் நான் பள்ளிக்குப் போனதும் அம்மா யாருக்கும் தெரியாமல் எங்கோ வேலைக்குப் போய்விட்டு, பஸ் வருவதற்குள் திரும்பி வந்துவிடுகிறாள். ஒரு மாதம் துப்பறிந்தேன். அவள் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். கைப்பையைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று.

அம்மா எனக்கு ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தாள். துணி மடித்தாள். கொத்தமல்லி ஆய்ந்தாள். மத்தியானம் கராஜுக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் வரைக்கும் எங்கேயும் போகவில்லை.

எனக்காக அன்றைக்கு லீவு போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.