மூக்கைத் தின்ற மீன்கள்

என் மனைவி செய்த இருபத்திரண்டு தலைகளை முதலாளி பூட்ஸ் காலால் மிதித்தார்.

ராயபுரத்தில் அவர் நடத்திய ஊமைப்படக் கம்பெனியில் நான் காமிரா பிடித்துக்கொண்டிருந்தேன். அசுரனை மீன் கொல்லும் மச்சாவதாரக் கதையைப் பொம்மைகளை வைத்துச் சின்னப் படமாக எடுக்கச் சொல்லியிருந்தார். பொம்மையைக் கடுகளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம். ஓட்டிப் பார்த்தால் அது நடக்கும். சிரித்த முகம் அழ வேண்டுமென்றால் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனித் தலை வேண்டும். விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்த களிமண்ணில் அவற்றைச் செய்ய அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. மீனவக் குடும்பத்துப் பெண். காலையில் மீன் விற்றுவிட்டுத்தான் கம்பெனிக்கு வருவாள்.

அன்று முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா நாத்தம்மே இது? ஒரே கலீஜ்! எட்த்துகினு வெளிய போ."

அவள் குனிவதற்குள் தட்டை உதைத்துத் தள்ளி, உருண்ட தலைகளை ஒவ்வொன்றாக நசுக்கினார். நான் காமிராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அவள் அழவில்லை. நசுங்கிய மண்ணை மறுபடி பிசைந்தாள்.

"அசுரனுக்கு இன்னா மூஞ்சி வைக்கணும்னு அந்தாளு சொல்லிக்கீறானா?"

"இல்ல."

"அப்ப நான் பாத்துக்கறேன்."

உப்பிய கன்னம், மூக்கோரத்து மரு, கையில் துணிக் கிழிசலில் ஒரு கைக்குட்டை. அச்சு அசல் முதலாளி. கம்பெனியின் கொல்லையில் வைத்துப் படம் எடுத்தோம்; நாற்றத்துக்குப் பயந்து அவர் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவேயில்லை.

கடல் காட்சிக்கு ஒன்பது நாள் ஆனது. வெயில் நகர்ந்தால் நிழல் துள்ளும் என்பதால் உச்சிப்பொழுதில் மட்டும் எடுத்தோம். மீன்கள் வரிசையாக வந்து அசுரனைக் கடிக்க வேண்டும். நான் கைப்பிடியைச் சுற்றி ஒரு படம் எடுத்ததும், அவள் அசுரனின் மூக்கில் அரிசியளவு மண்ணை நகத்தால் கிள்ளுவாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் கிள்ளு," என்றேன். எனக்கு அதில் அவ்வளவு ஆனந்தம்.

முதலாளி முன்கூட்டிப் போட்டுப் பார்க்காமலே, கூடாரக் கொட்டகையில் முதல் காட்சி. துறைமுகத்துப் பெரிய மனிதர்களை அழைத்துவந்து முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் முதலாளி. பின்னால் மணல் தரையில் மீன்வண்டிக்காரர்களும் மீன்காரப் பெண்களும். திரையில் அசுரன் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்து வந்தான்.

"டேய், நம்ம மொதலாளிடா!" என்று மணல் தரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

மீன்கள் மூக்கைத் தின்றன, காதைத் தின்றன. கடைசியில் கைக்குட்டை மட்டும் மிதந்தது. விருந்தாளிகளே வாய்விட்டுச் சிரித்தார்கள். முதலாளி எழுந்தார், பழக்க தோஷத்தில் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார். கொட்டகை அதிர்ந்தது.

மறுநாள் படச்சுருளைத் தன் கையாலேயே வெட்டிப் போட்டார். என்னை வேலையைவிட்டுத் துரத்தினார். நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். ஆனால் அவருடைய கார் மார்க்கெட்டைக் கடந்தால் மீன்காரப் பெண்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். அவர் அந்தத் தெருவில் வருவதையே விட்டார்.

இரண்டு வருடம் கழித்து, வேறொரு பொம்மைப் படத்துக்கு எங்களைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். நான் அவளைப் பார்த்தேன்.

"அவரே மார்க்கெட்டுக்கு வந்து என்னாண்ட கேக்கட்டும்," என்றாள்.

அவர் வரவில்லை. நாங்களும் போகவில்லை.