கேபிள் அறுந்தது யாருக்கும் தெரியவில்லை

சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தினமும் ஒன்றரை மணி நேரம் ரயிலில் பயணித்து சாங்கிக்கு வருபவர் பதுருன்னிசா; எல்லாருக்கும் நிசா. ஒரு சரக்கு நிறுவனத்தில் நெட்வொர்க் எஞ்சினியர். அங்கே கிடங்கையும் அலுவலகத்தையும் இரண்டு கேபிள்கள் இணைத்தன. ஒன்று அறுந்தால் மற்றதற்கு மாற வேண்டும். அதற்காக இரு முனைகளிலும் இருந்த சுவிட்ச் என்ற நெட்வொர்க் கருவிகள் 'இருக்கிறேன்' என்று ஓயாமல் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பின. தொடர்ந்து மூன்று செய்திகள் வராவிட்டால் கேபிள் போய்விட்டது என்று பொருள்.

அந்தச் செய்திகளை அனுப்பியது சுவிட்சின் மற்ற வேலைகளையும் கவனிக்கும் பிராசசர். அதற்கு வேறு வேலை குவிந்தால் செய்தி தாமதமாகும், நல்ல கேபிளும் அறுந்ததாகக் காட்டும். மேலாளர் ஸ்ரீநாத் செய்திகளுக்கு இடையிலான இடைவெளியை ஒரு விநாடியாக நீட்டி, பொய் எச்சரிக்கையை நிறுத்தினார். ஆனால் ஒருநாள் கேபிள் உண்மையிலேயே அறுந்தபோது, மூன்று விநாடி தாமதத்தில் அலுவலகத் தொடர்பு விட்டுப்போய், கிடங்கில் பெட்டிகளைப் பதிவுசெய்யும் ஸ்கேனர்கள் எல்லாம் செயலிழந்தன. மறுபடி இயக்க அரை மணி நேரம் பிடித்தது.

"செக்கிங்கை சுவிட்ச்ல தனியா இருக்கற இன்னொரு சிப்புக்கே கொடுத்துடலாம், ஸ்ரீநாத். பிராசசர் எவ்ளோ பிஸியா இருந்தாலும் அது நிக்காது" என்றார் நிசா.

"ஓடற சிஸ்டம்ல கை வைக்க வேணாம் லா. ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

உபரியாக இருந்த இரண்டு சுவிட்சுகளைக் கேட்டு வாங்கி ஆறு வாரம் சோதித்தார். முதல் வாரம் தோல்விதான். ஏதோ ஒரு செட்டிங் தவறாக இருந்ததால் வேலை சத்தமில்லாமல் பிராசசரிடமே திரும்பிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்த பிறகு பிராசசரை வேண்டுமென்றே திணறடித்தார். சிப் ஒரு செய்தியைக்கூடத் தவறவிடவில்லை. கேபிளை நானூறு முறை பிடுங்கினார். விநாடியில் ஆறில் ஒரு பங்குக்குள் ஒவ்வொரு முறையும் பாதை மாறியது. ஸ்ரீநாத் ஒப்புதல் கொடுத்தார்; கிடங்கின் சுவிட்சுகளிலும் நிசா அந்த மாற்றத்தைச் செய்தார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை சாலை தோண்டிய இயந்திரம் இரண்டில் ஒரு கேபிளை அறுத்தது. திரையில் சிவப்பு எச்சரிக்கையைக் கண்டதும் நிசா கிடங்குக்கு ஓடினார். மேற்பார்வையாளர் இருதயராஜ் பெட்டிகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்.

"ஸ்கேனர் நின்னுச்சாண்ணே?"

"இல்லையேம்மா. ஏன், நிக்கணுமா?"

"கேபிள் அறுந்து பன்னெண்டு நிமிஷம் ஆச்சு!"

அவர் ஸ்கேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெசமாவா?"

பிற்பகல் கூட்டத்தில் ஸ்ரீநாத் எல்லார் முன்னாலும் சொன்னார்: "நான் வேணாம்னு சொன்ன வேலை இது. நிசா செஞ்சது. நம்ம மத்த நாலு கிடங்குலயும் இதை அவங்களே செஞ்சு கொடுப்பாங்க."

இருக்கைக்குத் திரும்பி நிசா அறிக்கை எழுதினார். 'பாதிப்பு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று தட்டச்சு செய்துவிட்டு, அந்த ஒரு சொல்லை இரண்டு முறை படித்தார்.