மணி கேட்காத அறை

பாக்கியரத்தினம் ஐயா கனடாவிலிருந்து வந்து உப்புவெளிக் கடற்கரையில் மூன்று மாடி எழுப்பினார். எழுப்பட்டும், அவர் காசு. ஆனால் கடலைப் பார்க்கவென்று வீடு கட்டிய மனிதர், அதே வீட்டுக்குள் கடல் சத்தம் கேட்காமலிருக்க ஓர் அறையும் கட்டினாரே, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! பாட்டுக் கேட்பதற்கான அறையாம். யன்னலே இல்லை. சுவர் முழுக்கத் தடித்த பஞ்சுப் பலகை. கதவைச் சாத்தினால் கைபேசியும் செத்துவிடும்.

அந்த வீட்டைக் கூட்டித் துடைப்பவள் ஞானமலர், மீன்பிடிக்கிற பேணாட்டின் மனைவி. வாய்க்காரி. முதல் நாளே, "ஐயா, இது சவக்குழி மாதிரியெல்லோ கிடக்கு!" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். ஐயா விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்படிச் சொன்னவளுக்கே அந்த அறை பிடித்துப்போனது. வாடைக்காற்று தொடங்கினால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது, பேணாட் கடலில் நிற்பான். அறைக்குள் போனால் வெளியில் காற்றே வீசாத மாதிரி இருக்கும்.

அன்று விடியவே ஞானமலர் வீட்டில் புருசனோடு சண்டை.

"காத்துப் பிழையாக் கிடக்கு, போகாதேங்கோ."

"வலை கடலுக்குள்ள கிடக்குதடி. விட்டிட்டு இருக்க ஏலுமே?"

"அப்ப போங்கோ. எனக்கென்ன!"

அவன் வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தான். அவள் குசினியிலிருந்து திரும்பியும் பார்க்கவில்லை. வேலைக்கு வந்த பிறகுதான் தான் பேசியது அவளுக்கே உறுத்தியது. அவன் கரைக்கு வந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்கவேண்டும், கோபமில்லை என்று சொல்லவேண்டும். அதற்குள் காற்று ஊளையிடத் தொடங்கிவிட்டது. தாங்க முடியவில்லை. துடைப்பத்தோடு அறைக்குள் போனாள், கதவை இழுத்துச் சாத்தினாள், கம்பளத்தில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். வள்ளம் ஆபத்தில் என்றால் கோயில் மணியை விடாமல் வேகமாக அடிப்பார்கள். கேட்டவர் ஒருவரும் வீட்டில் நிற்கமாட்டார்கள். உலையில் சோறு கிடந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள், கடலில் நிற்பவர்களின் பெண்சாதிமார் எல்லாருக்கும் முன்னால்.

மணி அடித்தது. பேணாட்டின் வள்ளத்தை அலை கவிழ்த்து, அதன் முன்பக்க அணியம் அவன் நெஞ்சிலேயே இடித்திருந்தது. மற்ற வள்ளக்காரர் உயிரோடு இழுத்து வந்து மணலில் கிடத்தினார்கள்.

"மலர் எங்க?" என்று மட்டும் கேட்டான்.

மகள் ஜெசிகா மாடி வீட்டுக்கு ஓடினாள். கேற்றடியில் காவல்காரன் இஹ்ஸான் நின்றான்.

"மணி அடிச்சு எவ்வளவு நேரம்! உங்கட அம்மா இன்னும் உள்ளயா நிப்பாங்க? பின்கேற்றால எப்பவோ ஓடியிருப்பாங்க."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மணி கேட்டபிறகு எந்த மீன்காரன் மனைவி கூரைக்குக் கீழே இருப்பாள்? திரும்பி ஓடி, சனத்துக்குள் தாயைத் தேடினாள். காணவில்லை.

"அம்மா வந்துகொண்டிருக்கிறா அப்பா."

பேணாட் வீதிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வண்டி வரமுன்னமே மூச்சு நின்றுவிட்டது.

ஞானமலர் மனம் ஆறி வெளியே வந்தாள். மணி இப்போது மெல்ல, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அது சாவு மணி. சிலுவை போட்டுக்கொண்டு கேற்றடிக்குப் போனாள்.

"ஆர் தம்பி செத்தது? பாவங்கள்."

இஹ்ஸானின் முகம் வெளுத்துப்போனது.

"அக்கா... நீங்க உள்ளயா இருந்தீங்க?"

அடக்கம் முடிந்தபின் ஊர்ப்பெண்கள் அந்த அறையைச் சபித்தார்கள். "பாழாய்ப்போன அறை! மனிசியை அடைச்சு வைச்சிட்டாங்களே!" என்று ஐயாவையும் சேர்த்துத் திட்டினார்கள். வாய்க்காரி ஞானமலர் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது, வயிறு கேட்குமா? அறைக் கதவுக்கு ஒரு கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டுக் கூட்டினாள். ஐயா வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"பிழை என்ர அறையிலதான் ஞானமலர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா கதவைச் சாத்துங்கோ, உப்புக்காத்து சாமான்களைத் தின்னும்."

"ஏலாது ஐயா."

"ஏன் பிள்ளை?"

அவள் கூட்டுவதை நிறுத்தவில்லை.

"அண்டைக்குச் சாத்தச் சொல்லி ஒருதரும் சொல்லேல்ல, ஐயா. காத்தைக் கேக்க ஏலாமல் நான்தான் சாத்தினனான்."